மூன்றாம் நிலை விரிசல்

பேட்ஜ் போலியாக இருந்துவிடக் கூடாது. தணிகாசலத்தின் பயம் முதலில் அவ்வளவுதான். மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து பள்ளிக்கூட ஹாலின் இரும்பு நாற்காலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டு அடங்கியபோது, பக்கத்தில் இருந்த ரேணு அக்கா மடியிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். எடை சரியாக இருந்தது. வார்ப்பில் எடுத்த போலிகள் கனமாக, கையில் விழுந்ததும் சோம்பிக் கிடக்கும். இது மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தியது. பின்பக்கம் குழிந்து, நீளவாக்கில் வகுந்த கோழிமுட்டை ஓடு மாதிரி லேசாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய்களுக்கு அவர்கள் ராணுவம் கொடுத்தது. நடுவில் ஒரு இரும்புத் தொப்பி, அதன்மேல் சாய்ந்த சுவஸ்திகம், கீழே குறுக்காக இரண்டு வாள், சுற்றி இலை வளையம். கறுப்புப் பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அதற்குக் காரணம் போர் இல்லை, அம்மா. சுவஸ்திகம் இருக்கிறதே என்று சாமி அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு நாள், அந்தக் குறியைப் போட்டுக்கொண்டவர்கள் மனிதர்களை ரயில் ரயிலாக ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்ற கதையை அவர் சொல்லியும் பார்த்தார். அம்மா கேட்டுவிட்டு, "அது அவன் பண்ண பாவம். கோலம் நம்ம கோலம்தானே" என்றாள். அம்மாவுக்குப் பிறகு அக்கா வீட்டு அலமாரி. வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன. இன்றைக்கும் வாள்களின் சந்தில் காய்ந்த குங்குமம் இருந்தது. அவர் கைக்குட்டையின் முனையால் அதை மெதுவாக எடுத்தார், எடுத்தபடியே சட்டைப் பையிலிருந்து லென்ஸையும் எடுத்தார். "இன்னாடா பாக்கற?" என்றாள் அக்கா, மேடையைப் பார்த்தபடியே. "சும்மாதான்." "பூதக்கண்ணாடிய உள்ள வை. அப்பா உங்கிட்ட பரீட்சை எழுதவா வந்தாரு?" அவளுக்கு எழுபத்தாறு வயது, இவருக்கு எழுபத்திரண்டு. அவள் சொன்னால் இன்னும் உள்ளே வைக்கத்தான் தோன்றியது. ஆனால் மடியில் அந்த அட்டை இருந்தது.

அட்டையில் மூன்று வரிகள். பொருள். கிடைத்த இடமும் காலமும். யாரிடமிருந்து. அதற்குக் கீழே ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள்: சரிபார்த்தவர், ஆ. வே. தணிகாசலம். இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் நினைவாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். அதில் முதலில் வைக்கப்போவது அப்பாவின் பேட்ஜ். அக்கா மைக்கில் அப்பாவின் கதையைச் சொல்லி அதைக் கொடுப்பாள், இவர் எழுதின அட்டை அதன் பக்கத்தில் நிற்கும். ஏற்பாடு செய்த சுபேதார் சம்பங்கி போனிலேயே சொல்லிவிட்டார், "நீங்க கையெழுத்துப் போட்டா போதும் சார், அப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்." உண்மைதான். வேலூரிலும் சென்னையிலும் நாணயக் கண்காட்சி நடந்தால் அந்தக் காலத்துப் பேட்ஜ் வைத்திருக்கிறவர்கள் இவர் மேஜையைத் தேடித்தான் வருவார்கள். முந்நூறுக்கு மேல் பார்த்திருப்பார். வீட்டில் இருப்பதை மட்டும் பார்த்ததில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டார். அக்கா வீடு தூரம் என்று சொல்லிக்கொண்டார். நான்காவது வரிசையில் பார்த்திபன் உட்கார்ந்திருக்கிறான்; நுழையும்போதே பார்த்துவிட்டார், அவனும் பார்த்தான், தலையை மட்டும் ஆட்டினான். போன வருஷம் வேலூர் கண்காட்சியில் தொண்ணூற்றாறு வயது அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவன். கிழவர் தன் பேண்ட் பையிலிருந்து இதே மாதிரி ஒரு பேட்ஜை அவரே எடுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இது எண்பதுகளில் வார்த்தது என்று இவர் சொன்னார், மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "எங்க அப்பா பொய் சொன்னாருன்றீங்களா சார்?" "நான் பேட்ஜைப் பத்தித்தான் சொன்னேன்." "ரெண்டும் ஒண்ணுதான் சார்." கிழவருக்குக் காது கேட்கவில்லை, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் திருப்பும்போது பார்த்திபன் குனிந்து, கோபமே இல்லாமல் கேட்டான், "உங்க அப்பா பேட்ஜை யார் சார் பாத்தது?" நாலு மாசத்தில் கிழவர் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. பல் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது வரும். யார் சார் பாத்தது. இதோ பார்க்கிறேன் என்று லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

தொப்பியின் வலப்பக்கம், இலை வளையத்தின் மூன்றாவது இலையிலிருந்து ஒரு மயிரிழை புடைத்துக்கொண்டு கிளம்பியது. அதைக் கண்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். அசல். சந்தேகமே இல்லை. புதிதாகச் சேர்க்கிறவர்கள் பழுதில்லாத பேட்ஜைத் தேடுவார்கள். பழுதுதான் சாட்சி என்று புரிய அவர்களுக்குப் பத்து வருஷமாகும். அவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அம்பத்தூரில் முப்பத்தொரு வருஷம் டை செய்தவர். பள்ளிக்கூடப் பையின் பக்கிள், டிபன் கேரியரின் கிளிப், ஸ்கூட்டர் சாவியின் தலை. டை என்பது எஃகில் குடைந்த அச்சு. தகட்டை அதன்மேல் வைத்து பிரஸ்ஸை இறக்கினால் குடைந்தது புடைத்து வரும். ஆயிரக்கணக்கில் அடி வாங்கினால் எஃகும் அலுத்துப்போகும். எங்கேயாவது ஒரு மூலையில் மயிரளவு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் தகடு பிதுங்கிப்போய், அடிக்கிற ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு சின்னக் கோடாக நிற்கும். இன்னொரு டை அதே இடத்தில் அதே மாதிரி வெடிக்காது. அசலை அச்செடுத்து வார்க்கிறவனுக்கும் அந்தக் கோடு வந்துவிடும்தான், ஆனால் சூடு ஆறும்போது கோட்டின் விளிம்பு மழுங்கும், சோப்புக் கட்டியில் கீறின கோடு மாதிரி. பார்த்திபனின் அப்பா கொடுத்ததில் அப்படித்தான் மழுங்கியிருந்தது. இதில் மழுங்கவில்லை. கத்தியால் எழுதின மாதிரி நின்றது. மேடையில் தலைமையாசிரியை வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தார், யார் யாரையோ வருக வருக என்று அழைத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வருகவுக்கும் சம்பங்கி முதலில் கைதட்டினார். தணிகாசலமும் தட்டலாம் என்று நினைத்தார். பேனாவை எடுத்து முதல் வரியில் எழுதினார்: ஜெர்மன் ராணுவத்தின் காயப் பேட்ஜ், கறுப்பு, அசல். அசல் என்ற சொல்லுக்குக் கீழே கோடுகூடப் போட்டார். அப்புறம், எழுதினதின் சந்தோஷத்தில்தான், அந்த மயிரிழை எதுவரைக்கும் போகிறது என்று பார்த்தார்.

தொப்பியின் விளிம்பைத் தொட்டது. அது முதல் நிலை. விளிம்பைத் தாண்டிற்று. அது இரண்டாம் நிலை. சுவஸ்திகத்துக்குக் கீழே போய், இடது வாளின் பிடியைத் தொட்டு, அங்கே டையின் எஃகு ஒரு கடுகளவு பெயர்ந்திருக்க வேண்டும், பேட்ஜில் அந்த இடத்தில் ஒரு பொட்டு புடைத்திருந்தது. குங்குமம் என்று நினைத்து கைக்குட்டையால் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். போகவில்லை. அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, மேடைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை வேலை இருக்கிற மாதிரி பார்த்தார். ஜெர்மனியில் காஸல் என்ற ஊரில் இருக்கும் டீட்டர் என்கிற கிழவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இந்த ஒரு டையின் விரிசலை வைத்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். பேட்ஜும் அதோடு கொடுத்த சான்றிதழும் பிரியாமல் ஒரே உறையில் கிடைத்த நாற்பத்தொரு ஜோடிகள். சான்றிதழில் தேதி இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு முடியும்வரை முதல் நிலை. நாற்பத்துநாலின் கோடை வரை இரண்டாம் நிலை. வாள்பிடியில் பொட்டு விழுந்த மூன்றாம் நிலை, நாற்பத்துநாலு அக்டோபருக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த அப்பா இதை ஒரு ஜெர்மன்காரனிடமிருந்து வாங்கியது நாற்பத்துமூன்று மே மாதம், வட ஆப்பிரிக்காவில், துனிசியாவில். அந்த வருஷம் செப்டம்பரில் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கப்பலில் திரும்பினார், பெங்களூர் ராணுவ டிப்போவில் ஸ்டோர் பார்த்தார், சண்டை முடிகிறவரை அங்கேயேதான் இருந்தார். பென்ஷன் காகிதத்தில் இருக்கிறது. இவரே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். பதினேழு மாசம். அப்பா பேட்ஜை வாங்கினபோது அந்தப் பேட்ஜ் பிறக்கவே இல்லை.

தேதிகளை அவர் திரும்ப எண்ணினார், விரல் மடக்கி, மடியில், அக்காவுக்குத் தெரியாமல். டீட்டர் தப்பாகப் போட்டிருக்கலாம். நாற்பத்தொன்று என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. நாற்பத்திரண்டாவது உறை நாளைக்கே கிடைத்து எல்லாம் மாறலாம். ஆனால் அதே அட்டவணையை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் இது அசல் ஆனால் நீங்கள் சொல்கிற வருஷம் இல்லை என்று சொல்லியிருக்கிறார், சொல்லும்போது அவர்கள் முகத்தை ஏறெடுத்துப் பார்த்தாரா. அல்லது நாற்பத்துமூன்றிலேயே அந்த டை ஒரு தடவை பொட்டுவிட்டுப் பிறகு சரியாகியிருக்கலாம். எஃகா சரியாகும். டையில் விரிசல் விழுந்தால் வளரும், எந்த டையிலும் அது சுருங்கிப் பார்த்ததில்லை, அம்பத்தூரில் எத்தனை டையை விரிசல் வளர வளர ஓட்டியிருக்கிறார், ஆர்டர் முடியட்டும் ஆர்டர் முடியட்டும் என்று. அப்பா முடிந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. பார்த்திபன் பின்னாலிருந்து தன் கழுத்தைப் பார்க்கிறான் என்று அவருக்குத் தோன்றியது, காலரைச் சரி செய்துகொண்டார். பார்த்திபன் அப்பாவின் அசல் எங்கேயாவது தொலைந்திருக்கலாம், பஸ்ஸில், வீடு மாற்றும்போது. தொலைந்ததைச் சொல்ல மனமில்லாமல் பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஒன்றை வாங்கிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். போலி பேட்ஜ், நிஜமான கதை. தனக்கு இது அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தன் மடியில் நிஜமான பேட்ஜ் இருக்கும்போதுதான் தோன்றுகிறது.

"சார், கார்டு ரெடியா?" சம்பங்கி மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்து கேட்டார், வாயில் வெற்றிலை வாசனை. "ஒரு வரிதான் ஆயிருக்கு." "இன்னா சார், நீங்க மனப்பாடமா எழுதுவீங்கன்னு நெனச்சேன். துனிசியா, நாப்பத்தி மூணு, ஜெர்மன்காரப் பையன். எங்க ஊர்ல எங்க ஊட்டுக் குழந்தைங்களுக்கே தெரியும் இந்தக் கதை." அவர் போனார். ஆமாம், எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முதலில் கேட்டது அந்தக் கதையைத்தான். பாலைவனத்தில் ஒரு இடிந்த வீட்டோரம் ஜெர்மன்காரப் பையன் ஒருவன் கிடக்கிறான், மீசைகூட முளைக்கவில்லை. வாட்டர், வாட்டர் என்கிறான். எல்லோரும் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கிணற்றில் இறங்கித் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுக்கிறார். குடித்துவிட்டு அவன் மார்பிலிருந்து இதைக் கழற்றி அப்பா கையில் வைத்து மூடுகிறான். அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிழைத்துவிட்டான். அப்பா எப்போதும் அந்தச் சொல்லில்தான் நிறுத்துவார். பொழச்சிட்டான். அதற்குப் பிறகு வெற்றிலை போடுவார். கிணறு. தணிகாசலத்தின் எண்ணம் அங்கே போய்ச் சிக்கிக்கொண்டது, சட்டை ஆணியில் மாட்டின மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். கிணறு என்று அப்பா சொல்லும்போது யாரோ குறுக்கே பேசினார்கள். யார். எப்போது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, பகல், கதவு வழியாக வெயில் இலை வரைக்கும் வந்திருந்தது. அவருக்கு எட்டு வயது. ஐம்பத்தொன்பதாம் வருஷம்.

காதின் நுனி தீய்ந்துபோன ஒரு ஆள். சோளிங்கர் பக்கத்திலிருந்து வருவார், வருஷத்துக்கு ஒரு தடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பாவோடு பெங்களூரில் இருந்தவர், அப்புறம் இத்தாலிக்குப் போனவர், கண்ணிவெடி எடுக்கிற வேலை. இத்தாலி. அந்தச் சொல்லை அவர் வீட்டில் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரருக்காக அப்பா கதையை ஆரம்பித்தார், கிணற்றில் இறங்கினேன் என்றார், அந்த ஆள் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கெணறு இல்லண்ணா. கெணத்துல கண்ணி வச்சிட்டுப் போயிருப்பான், எவன் எறங்குவான். லாரித் தண்ணி. லாரி ரேடியேட்டர்ல புடிச்ச தண்ணி." அப்பாவின் கை சோற்றில் நின்றது. அது எட்டு வயதுக்குத் தெரிந்தது, கை நின்றது. அம்மா கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அப்பா, "ஆமா, லாரித் தண்ணிதான்" என்றார். துனிசியாவில் நடந்த விஷயம் இத்தாலிக்குப் போன ஆளுக்கு எப்படித் தெரியும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அறுபத்துநாலு வருஷமாக இவரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போனதும் அந்த ஆள் ரொம்ப மெதுவாகச் சொன்னார், "வயித்துல அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பனாங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்." அந்த ஆள் இலையை மடித்தார், மடித்த பிறகும் கையை அதன்மேலேயே வைத்திருந்தார். "அப்புறம் சொல்லுங்கண்ணா." "இன்னாத்த சொல்றது." "மிச்சத்த சொல்லுங்க. தூக்கிகினு போனாங்களே." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னப் பையனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார், "ஸ்ட்ரெச்சர்ல தூக்கிகினு போனாங்க. பொழச்சிட்டான்." அந்த ஆள் தலையை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார். அப்பா கதையைத் திருடினார் என்றுதான் இந்த அரைமணி நேரமாக இவர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, திருடு, பொய், ஊருக்கு முன்னால் பொய். ஆனால் அந்த ஆளால் பேட்ஜையும் வைத்துக்கொள்ள முடியவில்லை, தண்ணீர் குடித்துச் செத்த பையனையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கினதற்குப் பையனைப் பிழைக்கவைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வாழைப்பழத்தோடு அதைக் கேட்கத்தான் அந்த ஆள் வந்தாரா. இருக்கலாம். அப்பாவுக்கு ஊரில் கிடைத்த மரியாதையும் இருந்ததே, அதையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே. இரண்டும்தான் இருந்திருக்கும். அந்த ஆள் ஊருக்குத் திரும்பின மறுநாளே கதையில் கிணறு திரும்ப வந்துவிட்டது. திருத்திச் சொல்லியும் அப்பா சாகும்வரை கிணறு என்றே சொன்னார். ஸ்டோரில் இருந்தவருக்குக் கண்ணி ஞாபகம் வரவில்லையா, அல்லது அந்த ஒன்றைத் தப்பாகவே விட்டுவைத்தாரா, நகல் எடுக்கிறவன் எங்கேயாவது தன் கீறல் ஒன்றை விட்டுவைக்கிற மாதிரி, தெரிந்தவன் கண்டுகொள்ளட்டும் என்று.

"அடுத்ததாக" என்றது மைக். அக்கா பேட்ஜை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அவர் தோளை ஊன்றி எழுந்தாள். முன்வரிசைக்கு நேரே தரையில் நின்றே பேசினாள், படி ஏற முழங்கால் விடவில்லை. இரண்டாவது வரி காலியாக இருந்தது, மூன்றாவது வரி காலியாக இருந்தது. துனிசியா என்று எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுவிடலாம். கண்ணாடிக்குள் போய்விட்டால் வாள்பிடியில் இருக்கும் கடுகை யார் பார்க்கப்போகிறார்கள், லென்ஸோடு யார் வரப்போகிறார்கள். அவர்தான் வருவார். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவார்கள், வந்து நின்று தன் கையெழுத்தைத் தானே பார்ப்பார். எழுதாமல் விடலாம். உண்மையை எழுதினால் இந்த வயதில் அக்காவை ஊர் நடுவில் நிறுத்தி அவள் கையிலிருந்து அப்பாவைப் பிடுங்கினதாகும், அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மைக்கில். அக்கா அழகாகச் சொன்னாள். இடிந்த வீடு வந்தது. மீசை முளைக்காத பையன் வந்தான். வாட்டர், வாட்டர். யாரோ இருமினார்கள். "எங்க அப்பா துப்பாக்கிய கீழ வச்சிட்டு, பக்கத்துல இருந்த கெணத்துல..." "லாரித் தண்ணி, அக்கா." அது தன் குரல் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உரக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிற அளவுக்குத்தான் சொன்னார். அக்கா நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவள் கையில் மைக் நின்றது, அப்பாவின் கை சோற்றில் நின்ற மாதிரி. அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள், ஏன் அது இவ்வளவு நேரமாக ஞாபகம் வரவில்லை, செம்போடு அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள். அவர் அட்டையைக் காட்டி, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "அவர் பேர் என்னக்கா?" என்றார். அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "முனிரத்தினம்" என்றாள். மைக் வாய்க்கருகிலேயே இருந்ததால் ஹாலின் பின்சுவரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியும் அதைச் சொன்னது. "சோளிங்கர் முனிரத்தினம். எழுதிக்கோ." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "லாரித் தண்ணி. கெணத்துல கண்ணி வச்சிருப்பாங்களாம். எங்க அப்பாவோட சிநேகிதர் முனிரத்தினம்னு ஒருத்தர், அவர்தான் தண்ணி குடுத்தாரு. இது அவர் கதை, எங்க அப்பா சொல்லிகினு இருந்தாரு." சம்பங்கி கைதட்டலாமா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையைக் கீழே விட்டார். நான்காவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தணிகாசலம் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தாலி, 1944 அக்டோபருக்குப் பின் என்று எழுதினார். மூன்றாவது வரியில் பேனா எழுதவில்லை. அட்டையின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், மை வந்தது, கிறுக்கினது அங்கேயே நின்றது. பெயரை எழுதினார். அக்கா கதையை விடவில்லை. பையன் குடித்தான், மார்பிலிருந்து கழற்றினான், கையில் வைத்து மூடினான். ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். அக்கா அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், இதையும் திருத்துவாயா என்று கேட்கிற மாதிரி, அல்லது திருத்தாதே என்று சொல்கிற மாதிரி. "பொழச்சிட்டான்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினார்.